பாட்டுப் பெட்டிக்கு ஒரு மின்பெட்டி



ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் கொண்ட பாட்டுக் கருவி உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பாட்டு எதையும் போடாமல் கருவியை மட்டும் இயக்குங்கள். ஒலி அளவைப் பாதி வரை ஏற்றிவிட்டு, ஸ்பீக்கருக்கு அருகில் காதை வைத்துக் கேளுங்கள். ‘ம்ம்ம்...’ என்று வண்டு ரீங்காரமிடுவது போல ஓர் ஓசை கேட்கிறதல்லவா? இதற்குத்தான் ஒலிக் கருவிக்காரர்கள் ‘ஹம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஹம்மை ஒழிக்கப் பலரும் கையாளும் வழி ஒன்று உண்டு. ஆம்ப்ளிபயரின் மூன்று முனைப் பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் எர்த் முனையைக் கழற்றிவிடுவார்கள். அல்லது பிளக்கைத் திறந்து பச்சைக் கம்பியை வெட்டிவிடுவார்கள். உடனே ஹம் நின்றுவிடும். ‘பார்த்தாயா, எவ்வளவு சுலபம்!’ என்று பெருமைப்படவும் செய்வார்கள். ஆனால் நின்றது ஹம் மட்டுமல்ல. அந்தக் கருவியைத் தொடுகிறவர்களின் உயிருக்கு இருந்த காவலும் அதோடு நின்றுவிட்டது.

காவலையும் விடாமல் ஹம்மையும் போக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. பாட்டுக் கருவிகள் அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் தரும் பெட்டி ஒன்றை நாமே செய்துகொள்ளலாம். அதற்குள் இருக்கும் இயற்பியலைத் தெரிந்துகொண்டு, பிறகு செய்முறைக்குப் போவோம்.

மலையடிவாரத்தில் ஒரு வீடு

எடுத்துக்காட்டுக்குக் குரங்கணியில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே மலையை நோக்கிப் போனால் வரும் சிற்றூர் இது. கொழுக்குமலைக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடந்து ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் கிளம்புவார்கள். சரிவெங்கும் ஏலத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும். கீழே கொட்டக்குடி ஆறு. இசைக்கும் இந்த மாவட்டத்துக்கும் உள்ள உறவை நான் சொல்ல வேண்டியதில்லை. இளையராஜா 1943-ல் பிறந்த பண்ணைப்புரம் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

குரங்கணியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மழை, ஈரம், இடி மின்னல், காலுக்கடியில் பாறை ஆகிய நான்கும் இங்கே சேர்ந்திருக்கின்றன. மின்சாரத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படிக்கும் விதிகளை இவ்வளவு கறாராகச் சோதிக்கும் இடம் வேறு கிடைக்காது.

ஹம் எங்கிருந்து வருகிறது?

நமக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. இந்த 50 ஹெர்ட்ஸ் எப்படியாவது ஒலிப் பாதைக்குள் நுழைந்துவிட்டால் ஸ்பீக்கர் அதையும் பாடிவிடும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த சுரங்களில் ஒன்று ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸ். ஆகவே ஹம் வந்து உட்காருவது பேஸ் கிட்டார் உட்கார வேண்டிய இடத்தில்தான். ‘ஹை-ஃபை’ என்றால் கொடுத்ததைக் கொடுத்தபடியே திருப்பித் தரும் கருவி என்று பொருள். ஹம் இருக்கும்வரை அந்தப் பெயருக்கு அது தகுதி பெறாது.

ஹம் இரண்டு வகைப்படும். ஆம்ப்ளிபயருக்குள் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக மாற்றும்போது, அலையின் இரு பாதிகளும் ஒரே பக்கம் திருப்பப்படுகின்றன. அதனால் அங்கே மிஞ்சும் ஏற்ற இறக்கம் 100 ஹெர்ட்ஸ். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கி வயதாகிக் கெட்டுப்போனால் இந்த 100 ஹெர்ட்ஸ் கேட்கும். வெளியிலிருந்து நுழைவது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ். சங்கீதம் கற்கும் மாணவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். இரண்டுக்கும் சரியாக ஒரு ஸ்தாயி வித்தியாசம்!

காதை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி. ஆம்ப்ளிபயருக்கு வரும் ஒலிக் கம்பிகளை எல்லாம் கழற்றிவிடுங்கள். அப்போதும் ஹம் இருந்தால் நோய் உள்ளே இருக்கிறது. அதைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். கம்பிகளைக் கழற்றியதும் ஹம் நின்றால் நோய் வெளியே. அதற்குத்தான் நம் பெட்டி.

எர்த் வளையம்

ஆம்ப்ளிபயர் கூடத்தில் ஒரு சாக்கெட்டில் இருக்கிறது. கணிப்பொறி அடுத்த அறையில் வேறொரு சாக்கெட்டில் இருக்கிறது. இரண்டையும் ஓர் ஒலிக் கம்பி இணைக்கிறது. ஒலிக் கம்பியின் வெளியுறை இரு கருவிகளின் உலோக உடலையும் சேர்த்துக் கட்டுகிறது. ஆனால் இரு உடல்களும் ஏற்கனவே சுவருக்குள் ஓடும் எர்த் கம்பி வழியாகவும் சேர்ந்தே இருக்கின்றன. ஆக, ஒரு பெரிய வளையம் உருவாகிவிட்டது.

எர்த் கம்பியில் மின்சாரம் ஓடாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் குளிர்பதனப் பெட்டி, கணிப்பொறி, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து சில மில்லி ஆம்பியர் கசிவு அதில் ஓடிக்கொண்டே இருக்கும். கணக்குக்கு 10 மில்லி ஆம்பியர் என்று வைப்போம். இரு அறைகளுக்கும் இடையே எர்த் கம்பியின் தடை 0.3 ஓம் என்போம். ஓம் விதிப்படி,

0.010 × 0.3 = 0.003 வோல்ட்.

அதாவது 3 மில்லி வோல்ட். இது என்ன பெரிய அழுத்தம் என்று கேட்பீர்கள். ஒலிக் கம்பியில் வரும் பாட்டே சுமார் 0.3 வோல்ட்தான்! பாட்டின் 100-ல் ஒரு பங்கு ஹம் வந்துவிட்டது. டெசிபல் கணக்கில் 40 டெசிபல்தான் இடைவெளி. நல்ல ஹை-ஃபை கருவியில் ஹம், பாட்டின் 10,000-ல் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். இது போதாதென்று, அந்தப் பெரிய வளையம் சுற்றியுள்ள மின்மாற்றிகளின் காந்தப்புலத்தையும் வாங்கித் தன்னுள் மின்னோட்டத்தைத் தூண்டிக்கொள்ளும். பாரடே சொன்னபடி, வளையத்தின் பரப்பு பெரிதாக இருந்தால் தூண்டலும் பெரிதாக இருக்கும்.

இப்போது எல்லாக் கருவிகளையும் ஒரே பெட்டியில் செருகினால் என்ன ஆகும்? எர்த் பாதையின் நீளம் பல மீட்டரிலிருந்து சில சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். வளையம் முற்றிலும் மறையாது. ஆனால் அதன் தடையும் பரப்பும் மிகச் சிறியவையாகிவிடும். 3 மில்லி வோல்ட் இருந்த இடத்தில் அதன் நூற்றில் ஒரு பங்குகூட இராது. நம் பெட்டி செய்யும் முதல் வேலை இதுதான்.

எர்த்தை வெட்டினால் என்ன ஆகும்?

ஆம்ப்ளிபயரின் உள்ளே மின்சாரக் கம்பி ஒன்றின் காப்புறை தேய்ந்து, கம்பி உலோக உடலைத் தொட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் வெட்டப்பட்டிருந்தால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பாட்டு வழக்கம் போலப் பாடிக்கொண்டிருக்கும். ஆனால் உடல் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். நனைந்த கையும் வெறுங்காலுமாக ஒருவர் அதைத் தொட்டால் அவர் உடலின் தடை சுமார் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

230 ÷ 1,000 = 0.23 ஆம்பியர்.

பழைய 60 வாட் குண்டு பல்பில் ஓடும் மின்னோட்டத்தைவிட இது சற்றே குறைவு. உயிரைக் குடிக்க இதில் பாதிகூடத் தேவையில்லை. திருவிழா மேடையில் பாடுகிறவரின் உதடு மைக்கில் பட்டதும் ‘சுரீர்’ என்று அடிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கேயும் பெரும்பாலும் கதை இதுதான்.

எர்த் ஒழுங்காக இருந்தால் பழுது ஏற்பட்ட அந்தக் கணமே பெருமின்னோட்டம் எர்த் வழியாக ஓடி, ப்யூஸ் எரியும் அல்லது எம்.சி.பி. விழும். பாடப் புத்தகம் இதைத்தான் சொல்கிறது. குரங்கணியில் இது நடக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பாறை மீது ஒரு கணக்கு

கிராமத்து வீடுகளில் பொதுவாக வீட்டுக்கு வீடு ஒரு எர்த் கம்பத்தைத் தரையில் அடித்திருப்பார்கள். 2 மீட்டர் நீளமும் 16 மில்லி மீட்டர் விட்டமும் உள்ள கம்பத்துக்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. மண்ணின் மின்தடை எண்ணை ஓம்-மீட்டரில் எழுதி, அதை ஏறக்குறையப் பாதியாக்கினால் கம்பத்தின் தடை ஓமில் கிடைக்கும். (துல்லியமாகச் சொன்னால் 0.47-ஆல் பெருக்க வேண்டும்.)

வயல்வெளியில் ஈரக் களிமண்ணின் மின்தடை எண் 50 ஓம்-மீட்டர் என்று கொண்டால் கம்பத்தின் தடை சுமார் 23 ஓம். பழுது வந்தால் ஓடும் மின்னோட்டம்,

230 ÷ 23 = 10 ஆம்பியர்.

6 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழும். ஆனால் உடனே அல்ல. ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். உடனே விழ வேண்டுமானால், வீடுகளில் பரவலாகப் பயன்படும் ‘சி’ வகை எம்.சி.பி.க்கு 30 முதல் 60 ஆம்பியர் வரை வேண்டும்.

மலைச் சரிவுக்கு வாருங்கள். போடி மேற்கு மலை, சார்னோக்கைட் என்ற கெட்டிப் பாறையால் ஆனது. நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க இதே மலையில் பொட்டிப்புரம் பகுதியைப் பரிந்துரைத்ததற்கு அந்தக் கெட்டிப் பாறையும் ஒரு காரணம். ஆய்வுக்கூடத்துக்கு நல்லதாகத் தோன்றிய பாறை, எர்த் கம்பத்துக்கு நல்லதல்ல. பாறையும் சரளையும் கலந்த மண்ணின் மின்தடை எண் 1,000 ஓம்-மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் கம்பத்தின் தடை 470 ஓம்!

230 ÷ 470 = 0.49 ஆம்பியர்.

அரை ஆம்பியர்கூட இல்லை. 6 ஆம்பியர் எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளவே செய்யாது. ஊர் மின்மாற்றியின் எர்த் தடை சில ஓம்கள்தான். ஆகவே 230 வோல்ட்டில் பெரும்பகுதி நம் வீட்டுக் கம்பத்தின் மீதே விழும். அதாவது எர்த் கம்பி வெட்டப்படவில்லை, பச்சைக் கம்பி அழகாக இணைக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் ஆம்ப்ளிபயரின் உடல் 220 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. ப்யூஸும் எர்த்தும் மட்டுமே காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை பாறை மீது பலிப்பதில்லை.

விஞ்சோட்டத்தைக் கேட்காமல், கசிவைக் கேட்கும் கருவி ஒன்று வேண்டும். அதுதான் ஆர்.சி.சி.பி.

தொட்டிகளை எண்ணும் காவலர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை வழியே டாப் ஸ்டேஷனுக்கு வந்தது. அங்கிருந்து கம்பிவடப் பாதையில் தொங்கியபடி கொட்டக்குடிக்கு இறங்கி, போடிக்குப் போயிற்று. அந்த ரயில் பாதையை 1924-ம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்துவிட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அது போன்ற ஒரு கம்பிவடப் பாதையைக் கற்பனை செய்யுங்கள். அடிவாரத்தில் ஒரு காவலர் நிற்கிறார். மேலே போகும் தொட்டிகளையும் கீழே வரும் தொட்டிகளையும் எண்ணுகிறார். நூறு போய் நூறு வந்தால் கவலையில்லை. நூறு போய்த் தொண்ணூற்றெட்டுதான் வந்தது என்றால், நடுவில் எங்கோ இரண்டு விழுந்துவிட்டன என்று பொருள். உடனே வடத்தை நிறுத்துகிறார்.

ஆர்.சி.சி.பி. செய்வதும் அதேதான். மின்கம்பி, நியூட்ரல் கம்பி இரண்டும் ஒரு காந்த வளையத்தின் நடுவே செல்கின்றன. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருந்தால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு பகுதி எர்த் வழியாகவோ மனித உடல் வழியாகவோ கசிந்தால் சமநிலை கெடும். வளையத்தில் சுற்றிய மற்றொரு சுருளில் மின்சாரம் தூண்டப்பட்டு, விசை விழும். 30 மில்லி ஆம்பியர் வகை ஆர்.சி.சி.பி., அந்த அளவு கசிவில் 0.3 நொடிக்குள் விழ வேண்டும் என்பது விதி. கசிவு அதைப்போல் ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள்.

நமது 470 ஓம் கம்பத்தில் 0.49 ஆம்பியர் கசியும் என்று பார்த்தோம். இது 30 மில்லி ஆம்பியரைப் போல் 16 மடங்கு. யாரும் தொடும் முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியருக்குக் குறைவாகக் கசிந்தாலோ, உடலில் ஏறும் அழுத்தம் 0.03 × 470 = 14 வோல்ட்தான். அது ஆபத்தில்லாத அளவு.

‘அப்படியானால் எர்த் இல்லாமலே ஆர்.சி.சி.பி. போதுமே?’ என்று சிலர் கேட்கலாம். எர்த் இருந்தால் பழுது வந்த கணத்திலேயே விசை விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் கசிவு தொடங்கும், அதன் பிறகுதான் விழும். அந்தச் சோதனைக்கு உங்கள் வீட்டாரில் யாரை அனுப்புவீர்கள்? இரண்டும் வேண்டும்.

பெட்டிக்கு வேண்டியவை

முதலில் ஒரு நிபந்தனை. இது 230 வோல்ட் வேலை. துளையிடுதல், அளந்து வெட்டுதல், வரைபடம் போடுதல் ஆகியவற்றை நீங்கள் செய்யலாம். கம்பி முடுக்கும் வேலை முழுவதும் உரிமம் பெற்ற வயர்மேன் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதுதான். பிளக்கை அவர்தான், அதுவும் கடைசியாக, பொருத்த வேண்டும். பிளக்கே இல்லாத கம்பியில் மின்சாரம் வர வழியில்லை அல்லவா? அதனால்தான் இந்த வரிசை.

1. நான்கு இடமுள்ள சிறிய பிளாஸ்டிக் விநியோகப் பெட்டி – 1
2. இரட்டை முனை எம்.சி.பி., 6 ஆம்பியர் – 1
3. இரட்டை முனை ஆர்.சி.சி.பி., 25 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் – 1
4. மூடி உள்ள 6 ஆம்பியர் மூன்று துளைச் சாக்கெட்டுகள் – 4, அவற்றுக்கான பிளாஸ்டிக் பெட்டியுடன்
5. மூன்று இழைச் செம்புக் கம்பி, 1.5 சதுர மில்லி மீட்டர் – 3 மீட்டர். 6 ஆம்பியர் பிளக் – 1
6. உள்ளிணைப்புக்குச் சிவப்பு, கறுப்பு, பச்சை நிறக் கம்பிகள், அதே தடிமன்
7. எர்த் இணைப்புப் பட்டை – 1. மின்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் மூடிய இணைப்புப் பட்டைகள் – 2
8. உலோக ஆக்சைடு வேரிஸ்டர், 275 வோல்ட், 20 மில்லி மீட்டர் – 1
9. ‘எக்ஸ்-2’ வகை மின்தேக்கி, 0.1 மைக்ரோபாரட், 275 வோல்ட் – 1, 4.7 லட்சம் ஓம் மின்தடைகள் – 2
10. கம்பி நுழையும் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு, கம்பி முனைக் குப்பிகள்

எல்லாவற்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். ‘உலோகப் பெட்டி போட்டால் ஹம்மைத் தடுக்காதா?’ என்று கேட்டால், மெல்லிய அலுமினியத் தகடு 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. பிளாஸ்டிக் பெட்டியில் மின்சாரம் ஏறும் உடலே இல்லை. ஈரமான ஊருக்கு அதுவே மேல்.

செய்யும் முறை

வரிசை இது: பிளக், கிளாண்டு, எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., இணைப்புப் பட்டைகள், சாக்கெட்டுகள். ஒரு சாக்கெட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிக் கம்பி இழுக்க வேண்டாம். பட்டையிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனித்தனிக் கம்பி போக வேண்டும், விண்மீனின் கதிர்களைப் போல. குறிப்பாகப் பச்சைக் கம்பி நான்கும் ஒரே எர்த் பட்டையில் சந்திக்க வேண்டும். ஹம்மை ஒழிப்பது இந்த ஒற்றைப் புள்ளிதான். எர்த் கம்பி எம்.சி.பி. வழியாகவோ ஆர்.சி.சி.பி. வழியாகவோ போகக் கூடாது.

சாக்கெட்டை முன்னிருந்து பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலப்பக்கம் மின்கம்பி, இடப்பக்கம் நியூட்ரல். வெளிக் கம்பியில் பழுப்பு நிறம் மின்கம்பி, நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த்.

பிளக்கிலும் பெட்டியிலும் எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை நீளமாக விடுங்கள். யாராவது கால் தடுக்கிக் கம்பியை இழுத்துவிட்டால், முதலில் பிடுங்கிக்கொள்வது மின்கம்பியாகவும் கடைசியில் பிடுங்கிக்கொள்வது எர்த்தாகவும் இருக்கும்.

திருகுக்கு அடியில் போகும் மெல்லிழைக் கம்பியின் நுனியில் ஈயப் பற்று வைக்காதீர்கள். ஈயம் நாளடைவில் அழுத்தத்துக்கு இளகிக்கொடுக்கும். திருகு தளரும், சூடேறும். அதற்குத்தான் முனைக் குப்பி.

வேரிஸ்டரும் மின்தேக்கியும் ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு, மின்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே வர வேண்டும். இரண்டு மின்தடைகளையும் தொடராகச் சேர்த்து மின்தேக்கிக்கு இணையாகப் போடுங்கள். எதற்காக? பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கி, பிளக்கின் முனையைத் தொட்டவரைச் சுண்டிவிடும். மின்தடைகள் அதை வடித்துவிடும். 9.4 லட்சம் ஓமும் 0.1 மைக்ரோபாரடும் சேர்ந்தால் நேர மாறிலி 0.094 நொடி. அரை நொடியில் எல்லாம் வடிந்துவிடும்.

மின்தேக்கி என்ன செய்கிறது? 50 ஹெர்ட்ஸில் அதன் மறுப்பு சுமார் 32,000 ஓம். எனவே பாட்டுக்கு வரும் மின்சாரத்தை அது தொடுவதில்லை. 10 லட்சம் ஹெர்ட்ஸில் வெறும் 1.6 ஓம். மிக்ஸியின் பொறியும் குளிர்பதனப் பெட்டியின் விசையும் கிளப்பும் ‘கிளிக்’ ஓசைகள் இந்தக் குறுக்கு வழியில் இறங்கிப் பெருமளவு அடங்கிவிடும். ‘எக்ஸ்-2’ என்று எழுதியிராத சாதாரண மின்தேக்கியை இங்கே போடவே கூடாது. அது பழுதானால் தீப்பிடிக்கலாம்.

மின்சாரம் கொடுக்கும் முன்

பெட்டியை மூடும் முன் மல்டிமீட்டரால் மூன்று அளவுகள் எடுங்கள். எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டும் ‘ஆன்’ நிலையில் இருக்கட்டும்.

ஒன்று: வெளிக் கம்பியின் எர்த் நுனிக்கும் ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் துளைக்கும் இடையே 1 ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டு: மின்கம்பிக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே முடிவிலி காட்ட வேண்டும்.

மூன்று: மின்கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 9.4 லட்சம் ஓம் வர வேண்டும். அது நீங்கள் போட்ட இரு மின்தடைகள்தான் என்று புரிகிறதல்லவா?

பிறகு வயர்மேன் அண்ணன் மெக்கர் கருவியால் காப்பைச் சோதித்து, பிளக்கைப் பொருத்தி, மின்சாரம் கொடுக்கட்டும். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்துப் போட்ட பொத்தான் இருக்கும். அதை அழுத்தியதும் விசை ‘டக்’கென்று விழ வேண்டும். மாதம் ஒரு முறை இதை அழுத்திப் பார்ப்பதை உங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தான் ஆர்.சி.சி.பி.யைத்தான் சோதிக்கும், வீட்டின் எர்த்தை அல்ல. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது எர்த் தடையை ஒரு முறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். பயன்படாத துளைகளை அடைத்துவிடுங்கள். எறும்புக்கும் பல்லிக்கும் கதகதப்பான பெட்டி மிகவும் பிடிக்கும். நம் பெட்டி தன்னிடம் செருகிய கருவிகளை மட்டும்தான் காக்கும் என்பதையும் மறவாதீர்கள். வீட்டின் முதன்மைப் பலகையிலும் ஓர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கிரைண்டருக்கும் வெந்நீர்க் கருவிக்கும் அதே காவல் கிடைக்கும்.

பெட்டியால் முடியாதவை

மின்கம்பத்தில் எழும் சிறு அழுத்த அலைகளை வேரிஸ்டர் சுமார் 700 வோல்ட் அளவில் வெட்டிவிடும். ஆனால் மின்னலில் பாய்வது 30,000 ஆம்பியர் அளவு. அதற்கு எந்தப் பெட்டியும் ஈடில்லை. சித்திரை, ஐப்பசி மாதங்களில் மலை மேல் மேகம் கறுத்தால், இடி நெருங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்குங்கள். தொலைக்காட்சிக்கு வரும் கேபிளையும் கழற்றுங்கள். இடி தலைக்கு மேல் வந்துவிட்ட பிறகு அதைத் தொடப் போகவே வேண்டாம்.

மாலையில் விளக்கு மங்கி 190 வோல்ட்டாக இறங்கினால் பெட்டி அதை ஏற்றாது. அதற்கு ஸ்டெபிலைசர் வேண்டும்.

வெள்ளிக் கம்பி, தங்க முலாம் பூசிய சாக்கெட் என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்பார்கள். நம் 3 மீட்டர்க் கம்பியில் போகவும் வரவும் சேர்ந்து தடை 0.08 ஓம். 1.5 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.12 வோல்ட்தான். மின்மாற்றியிலிருந்து உங்கள் வீடு வரை ஓடிவரும் அலுமினியக் கம்பியில் இழப்பு அதைப்போல் பல மடங்கு. வரும் வழியெல்லாம் மண் சாலையாக இருக்க, வாசற்படியில் மட்டும் பளிங்கு பதிப்பதால் வண்டி குலுங்காமல் வந்துவிடுமா? அந்தப் பணத்தில் நல்ல எர்த் கம்பம் ஒன்றை அடித்துக்கொள்ளலாம்.

பெட்டி வைத்த பிறகும் கொஞ்சம் ஹம் மிஞ்சினால், கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள். கைப்பேசியிலிருந்து பாட்டு வருகிறதானால், சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். ஹம் நின்றால் அது சார்ஜர் வழி வரும் வளையம். தொலைக்காட்சி கேபிளைக் கழற்றியதும் நின்றால், அது தெருவிலிருந்து வரும் இன்னொரு எர்த். இத்தகைய இடங்களில் ஒலிக் கம்பியின் நடுவே ஒன்றுக்கொன்று சுற்றுள்ள சிறிய ஒலி மின்மாற்றி போட்டால் வளையம் அறுபடும். பாட்டு காந்தப்புலம் வழியே தாண்டிவிடும், ஹம் தாண்டாது. வெட்ட வேண்டிய இடம் ஒலிப் பாதையில் இருக்கிறது, பச்சைக் கம்பியில் இல்லை.

உங்களுக்கு ஒரு கணக்கு

குரங்கணி வீட்டில் 470 ஓம் கம்பத்துக்குத் துணையாக, போதிய தொலைவில் அதே போன்ற இன்னும் மூன்று கம்பங்களை அடித்து நான்கையும் இணைக்கிறார்கள். இப்போது பழுது வந்தால் 6 ஆம்பியர் எம்.சி.பி. விழுமா? ஆர்.சி.சி.பி. விழுமா? பாதுகாப்பான உடல் அழுத்தத்தின் எல்லை 50 வோல்ட் என்று கொண்டால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் எர்த் தடை எத்தனை ஓம் வரை இருக்கலாம்? போட்டுப் பார்த்து, உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அப்படியே வீட்டில் உள்ள பிளக்குகளில் எத்தனைக்கு எர்த் முனை இல்லை என்பதையும் எண்ணி அவரிடம் சொல்லுங்கள்.